துரையின் காருக்கு நல்லெண்ணெய்

எங்கள் வீட்டில் அடையாள அட்டைகள் இரு நிறங்களில் இருந்தன. அப்பாவுடையதும் அம்மாவுடையதும் நீலம், மாமாவுடையது சிவப்பு. தகரப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அம்மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்து, மாமாவுடையதே அழகு என்று முடிவு கட்டுவேன். பெரியவனானதும் எனக்கும் சிவப்பே வேண்டும் என்று தம்பி கேட்க, அம்மா அவன் வாயில் இலேசாக ஒன்று போட்டதும், அது ஏனென்று விளங்காமல் நான் திகைத்ததும் நினைவில் உள்ளன.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் வழியில் இருந்த ஓர் இரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. மாமா என்பவர் அம்மாவின் உடன்பிறந்த தம்பி. தாய்நாட்டிலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். பிறந்த ஊரின் முகத்தைக் கண்டறியாதவர். குடியுரிமைத் தாள்களை நிரப்பித் தர அதிகாரிகள் தோட்டத்துக்கு வந்த நாளில் அம்மா வெயிலில் வரிசையில் நின்றார். மாமாவோ ஈப்போவில் ஒரு சீனர் பட்டறையில், பிரித்துப் போட்டிருந்த லாரி இயந்திரத்தின் முன் உலகை மறந்து குந்தியிருந்தார். மறு வாய்ப்பு வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். வந்தது வேறொன்று. குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர் இந்நாட்டில் வேலை செய்ய அரசின் இசைவுச் சீட்டு வேண்டும் என்றார்கள். பெர்மிட் என்று அதனைத் தோட்டத்தில் சொல்வர். மாமாவின் பெர்மிட் அவ்வாண்டு இறுதியோடு முடிவதாக இருந்தது. மாமாவைப் போல் தோட்டத்தில் புல் வெட்டுகிறவனுக்கு அதைப் புதுப்பித்துத் தருவார் எவருமில்லை. தொழில் அறிந்தவர், தோட்டத்துக்கு இன்றியமையாதவர் என்று தோட்ட நிர்வாகியான துரை கடிதம் எழுதினால் மட்டும் வழியுண்டு. கடிதம் கிடைத்தால் எங்களோடு இருப்பார், கிடைக்காவிட்டால் பிறந்த நாட்டுக்குக் கப்பலேறுவார். பெரியவர்கள் இதனைத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதால், கப்பலேறுவது ஏதோ ஒளித்து வைக்கப்பட்ட இன்பம் என்று நான் நினைத்திருந்தேன்.

கடிதத்துக்கான வாய்ப்பு ஒரு பழைய காரின் வடிவில் வந்தது. மேட்டின் உச்சியில் துரையின் பங்களா. அதன் பின்புறக் கொட்டகையில், முன்னிருந்த வெள்ளைக்காரத் துரை விட்டுச்சென்ற கறுப்புக் கார் ஒன்று பல்லாண்டாக உறங்கிக் கிடந்தது. யானையின் நெற்றிபோல் புடைத்த முகப்பும் வட்ட விளக்குகளும் உடையது. இருக்கைகளுக்குள் எலிகள் மூன்று தலைமுறை கண்டிருந்தன. புதிதாய் வந்த துரைக்கு அவ்வண்டியின்மேல் காதல் பிறந்தது. இதை ஓடச் செய்வார் உண்டா என்று அவர் கேட்க, ஆபீஸ் எழுத்தரான கிராணி அதைத் தமிழில் கேட்க, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்ற அத்தனை பேரிலும் மாமா ஒருவரே கையை உயர்த்தினார்.

மூன்று வாரம் வேலை முடிந்த பின் மாலைதோறும் மாமா மேட்டுக்குப் போனார். இயந்திரம் உயிர்பெற்ற அன்று லயமே கைதட்டியது. மாமா மட்டும் மகிழவில்லை.

"ஓடுறது பெரிசில்ல லா, அக்கா," என்றார் அம்மாவிடம். "எருமை மாடுகூட ஓடும். நிக்கணும். மேட்டுலேருந்து துரைய உக்கார வச்சி எறக்கி, ஆபீஸ் வாசல்ல பொட்டுனு நிறுத்துறேன்னு சொல்லியிருக்கேன். நின்னுச்சுன்னா அன்னிக்கே கடிதாசி எழுதுறேன்னாரு."

"நிக்கலன்னா?"

"நிக்கும்."

நிறுத்தும் பொறியை மாமா எனக்கு விளக்கிய பொறுமையை இன்று எண்ணினாலும் வியப்பாகவே இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்திலும் வாணலியைக் கவிழ்த்தாற்போல் ஓர் இரும்பு உருளை. அதனுள் பிறைநிலா வடிவில் இரண்டு கட்டைகள். காலணி என்ற பொருளில் மாமா அவற்றைச் சப்பாத்து என்பார். கட்டைகளின் வெளி வளைவில் கரிய பட்டை ஒன்று பதித்திருக்கும். காலால் மிதியை அழுத்தினால் இரு கட்டைகளும் விரிந்து, உருளையின் உட்சுவரை அந்தப் பட்டையால் பற்றிக்கொள்ளும். சொரசொரப்பாக, உலர்ந்து இருந்தால்தான் பற்றும். பழைய பட்டைகள் தேய்ந்து ஆணிகள் பல்லிளித்தன. மாமா எட்டுக் கட்டைகளையும் ஈப்போவுக்குப் பேருந்தில் தூக்கிச் சென்று, புதிய பட்டை அடித்துக்கொண்டு வந்து சேர்ந்த நாள், ஆயுத பூசை நாளாக அமைந்தது.

எட்டையும் வீட்டு முன்னடையில் செய்தித்தாள் விரித்து இரண்டிரண்டாக அடுக்கினார். அன்று கருவிகளைக் கையாளக் கூடாது. மறுநாள் விசயதசமியில் பொருத்தினால் தொட்டது துலங்கும் என்பது அவர் கணக்கு. உருளைகளைத் துடைத்து வைக்க மட்டும் மேட்டுக்குப் புறப்பட்டவர், என்னைக் காவல் வைத்தார்.

"பாப்பா, அழுக்குக் கை படக்கூடாது. ஒருத்தனையும் தொட விடாத. போயிட்டு வாரேன்."

"நாய் வந்தா?"

"நாய்கிட்டயும் சொல்லு, கைய கழுவிட்டு வரச் சொல்லி."

அவர் தலை மறைந்ததும் அம்மா உள்ளிருந்து நல்லெண்ணெய்க் கிண்ணத்தையும் சந்தனத்தையும் குங்குமத்தையும் நீட்டினார். எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் இவ்வேலை எனக்குரியது. இரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்திகளைத் தேய்த்துக் கழுவி, துருவேறாதிருக்க எண்ணெய் பூசி, பொட்டு வைத்துச் சாமி மாடத்தின் கீழ் வரிசையாக வைக்க வேண்டும். வாளி, அரிவாள், மிதிவண்டி, அப்பாவின் சவரக் கத்தி வரை எல்லாவற்றுக்கும் அந்த உபசாரம் உண்டு.

"ஒன்னையும் விட்டுறாத. விட்டா அது கோவிச்சிக்கும்," என்றார் அம்மா. அவர் அடுப்புக்குத் திரும்பிவிட்டார். முன்னடையில் என்ன கிடக்கிறது என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை.

நான் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தவள். அழுக்குக் கை படக்கூடாது என்றார் மாமா. ஆகவே சவர்க்காரம் இட்டு மூன்று முறை கழுவினேன். ஒன்றையும் விடாதே என்றார் அம்மா. ஆகவே எட்டுக் கட்டைகளையும் விடவில்லை. கத்திகளெல்லாம் எண்ணெய் பட்டு மின்னுகையில், மாமாவின் வாழ்வே தொங்கிக்கொண்டிருந்த அக்கட்டைகளின் கரிய பட்டைகள் மட்டும் வறண்டு, வெளிறி, ஏழைபோல் தோன்றின. எனக்கு இரக்கம் மேலிட்டது. மற்றவற்றுக்கு ஒரு துளி என்றால் இவற்றுக்கு இரண்டு துளியாகத் தேய்த்தேன். அவை மணல்போல் எண்ணெயைக் குடித்தன. குடிக்கக் குடிக்க ஊற்றினேன். சந்தனம் அப்பட்டையில் ஒட்டவில்லை. ஆதலால் பக்கத்து இரும்பில் பொட்டு வைத்தேன். பிறகு எட்டையும் அதே செய்தித்தாளில் பொதிந்து, கத்திகளோடு சாமி மாடத்தின் கீழ் வைத்தேன். வாழ்நாளில் நான் முழுமனத்தோடு செய்த வழிபாடு எதுவென்று கேட்டால் அதனைத்தான் சொல்வேன்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகாமல் மாமாவோடு மேட்டுக்குப் போனேன். மிதியை அழுத்த ஆள் வேண்டும் என்று அவரே அம்மாவிடம் கெஞ்சி இசைவு பெற்றிருந்தார். கொட்டகையில் கார் நான்கு மரக்கட்டைகளின்மேல் சக்கரமின்றி நின்றது. மாமா சட்டைப் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தார். புதுப் பட்டையை ஒருமுறை உரசிப் பார்த்துப் பொருத்துவதே பட்டறை வழக்கம் என்று அவர் முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். முதற் கட்டையைக் கையில் எடுத்தார். பொட்டைப் பார்த்தார். அவர் முகம் கனிந்தது.

"யாரு, நீ வச்சியா?"

நான் தலையாட்டினேன்.

இரவு முழுதும் சாமியின் கீழிருந்த பொருளை உப்புத்தாளால் உரச அவருக்கு மனம் வரவில்லை. அந்தத் தாளை மடித்துப் பைக்குள் திரும்ப வைத்தார். கட்டையைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, உரிய இடத்தில் அமர்த்தி, வில்கம்பியை இடுக்கியால் இழுத்து மாட்டினார். எட்டையும் அவ்வாறே செய்தார். எண்ணெய் அதற்குள் பட்டையின் உள்ளே போய்விட்டிருந்தது. மேலே ஈரம் இல்லை. கரிய பொருள் சற்றுக் கூடுதலாகக் கறுத்திருந்ததை விடியற்காலை வெளிச்சம் காட்டிக்கொடுக்கவில்லை.

பின்னர் மிதியிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை. நான் ஓட்டுநர் இருக்கையின் நுனியில் தொங்கியவாறு காலை எட்டி நீட்டினேன். மாமா காரின் அடியில் படுத்துக் குரல் கொடுத்தார்.

"அமுக்கு!"

"அமுக்கிட்டேன் மாமா!"

"புடி... புடி... விட்றாத..."

"கால் நடுங்குது மாமா!"

"துரை பொண்டாட்டியா நீ, கால் நடுங்குறதுக்கு? புடி! ம்ம், இப்ப விடு."

குழாய் முனையில் வைத்த சிறு போத்தலில் குமிழிகள் எழுந்து எழுந்து ஓய்ந்தன. மிதி கல்போல் இறுகியதும் மாமா எழுந்து வந்து, கறை படிந்த விரலால் என் மூக்கில் ஒரு கோடு இழுத்தார். சக்கரங்களை மாட்டி, கொட்டகை முற்றத்தில் மெல்ல இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தார். மிதித்தவுடன் வண்டி நின்றது. மூன்றாம் முறையும் நின்றது. எனக்கு மிகுந்த பெருமை. சாமிக்கு என் எண்ணெய் பிடித்துவிட்டது என்று எண்ணினேன்.

நண்பகலில் பால் நிறுக்கும் நேரம். மேட்டின் அடிவாரத்தில், ஆபீசுக்கு எதிரே, அம்மா உட்பட எல்லாரும் வாளிகளோடு கூடியிருந்தனர். நான் ஓடி இறங்கி அம்மாவின் பக்கத்தில் நின்றேன். மேலே துரை மாமாவின் பக்கத்தில் ஏறி அமர்வது தெரிந்தது. கார் செம்மண் சாலையில் இறங்கத் தொடங்கியது.

முதல் வளைவை அழகாகக் கடந்தது. இரண்டாம் வளைவில் சக்கரங்களிலிருந்து மெல்லிய வெண்புகை எழுந்தது. சூடேறச் சூடேற உள்ளே புகுந்திருந்த எண்ணெய் மேலே கசிந்து வந்ததென்று இன்று எனக்குத் தெரியும். அன்று அது சாம்பிராணிபோல் இருந்தது. பிறகு கார் விரைந்தது. மாமா கைப்பிரேக்கை இழுப்பதும், இயந்திரம் அலறுவதும் கேட்டன. நேரே வந்திருந்தால் எங்கள் வரிசைக்குள் புகுந்திருக்கும். மாமா வண்டியை முழு வலுவோடு திருப்பி, சாலையோர வாய்க்காலில் கொண்டுபோய் முட்டினார்.

யாருக்கும் பெரிய காயமில்லை. துரையின் நெற்றியில் ஒரு கீறல். அதிலிருந்து சிவந்த கோடு ஒன்று புருவம் வரை இறங்கியது. காரின் முன்முகம் ஒரு பக்கம் நசுங்கியது. அப்போதுதான் அந்த மணம் வந்தது.

"அடியே, பலகார வாசம்டி!" என்றாள் ஒருத்தி.

"தீபாவளி முந்திக்கிச்சு போல," என்றார் பால் ஊற்ற வந்த ஒருவர். "என்னா மச்சான், துரைக்கு முறுக்கு சுட்டியா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அச்சம் தீர்ந்தவர்களின் சிரிப்பு, அதில் தீங்கில்லை. மாமா யாரையும் பார்க்காமல் கருவிப் பையை எடுத்துவந்து, ஒரு சக்கரத்தைக் கழற்றி, சூட்டைத் துணியால் பிடித்து உருளையை உருவினார். உள்ளே பட்டை, அப்போதுதான் எண்ணெய் தடவிய தோசைக்கல்லாய்ப் பளபளத்தது. இரும்பில் என் பொட்டு கருகி ஒட்டியிருந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைக்குட்டையால் நெற்றியை அழுத்தியபடி துரை ஏதோ கேட்டார். கிராணி குரலை உயர்த்தினார்.

"துரை கேக்குறாரு. பிரேக்குல எண்ணெய் யாரு போட்டா?"

நான் வாய் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன், நான்தான், மூன்று முறை கை கழுவிவிட்டுத்தான் என்று சொல்ல. அந்நொடியில் அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. என் எலும்பு நொறுங்கும் என்று தோன்றிய பிடி. அண்ணாந்து பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. துரையின் நெற்றியில் வழிந்த குருதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

மாமா தலையை உயர்த்தி எங்கள் இருவரையும் கண்டார். பிறகு கிராணியிடம் திரும்பினார்.

"நாந்தாங்க. துரு புடிக்காம இருக்கட்டும்னு போட்டேன்."

சிரிப்பு மறுபடியும் எழுந்தது. இம்முறை துரையும் சிரித்தார். "மெக்கானிக் ஆப்பா இனி?" என்று கிராணியிடம் மலாயில் கேட்டார். இவனெல்லாம் என்ன மெக்கானிக் என்பது அதன் பொருள். தோட்டத்தில் பிள்ளைகளுக்கும் புரியும் மலாய் அது. கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, மாமாவும் கேட்கவில்லை.

அன்று மாலை வீட்டில் அடி விழும் என்று கதவின் பின்னே ஒண்டியிருந்தேன். மாமா வந்து என் எதிரே குந்தினார்.

"கைய கழுவினியா, பாப்பா?"

"மூணு தரம் மாமா."

அவர் சிரித்தார். ஒப்புக்காகச் சிரித்த சிரிப்பன்று. கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். அடுப்பருகே அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றார்.

"நான் போயி கிராணியார்ட்ட சொல்லிட்டு வாரேன்டா தம்பி," என்றார் அம்மா. "பிள்ள தெரியாம செஞ்சிருச்சுன்னு சொன்னா துரை என்ன தின்னுடவா போறாரு?"

"வேணாங்க்கா. பிள்ளையச் சொல்லி என்னா ஆவப் போவுது? கண்ணால பாத்துட்டு மாட்டணும். உப்புத்தாள் கையில இருந்துச்சு. நான் பொட்டத்தான் பாத்தேன், பட்டையப் பாக்கல. அது என் தப்புதானே லா?"

அடுத்து வந்த நாள்களில் இருமுறை அம்மா தலைவாரிப் புடைவை மாற்றிக்கொண்டு, கிராணி வீட்டுக்குப் போவதற்காக வாசல் வரை வந்ததை நான் பார்த்தேன். இருமுறையும் படியிறங்காமல் திரும்பி, கட்டிய புடைவையை அவிழ்த்து மடித்து வைத்தார். அவரை எது தடுத்தது என்று பின்னாளில் நான் கேட்டதில்லை. நாங்கள் இருந்த வீடு துரையினுடையது. வெட்டிய மரம் துரையினுடையது. குருதி வழிந்த நெற்றியும் துரையினுடையது. ஒரு தாயின் கை அவ்வேளையில் சிந்தித்துப் பார்த்து இறுகுவதில்லை. ஆனால் இறுகிய கை தளர்ந்த பிறகு, பேசுவதற்கு அவருக்கும் எனக்கும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இருந்தன. பள்ளிக்குப் போகும் வழியில் நாள்தோறும் ஆபீசைக் கடந்தே போனேன். துரை பலமுறை வாசலில் நின்றிருந்தார். ஒருமுறை என்னைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தார். நான் சொல்லியிருந்தால் கடிதம் எழுதியிருப்பாரா, சிரித்துவிட்டுப் போயிருப்பாரா என்று இன்றும் என்னால் அறுதியிட முடியவில்லை. சொல்லவில்லை என்பது மட்டுமே உறுதி. மாமா அதற்குள் தோட்டத்துக்கு முறுக்கு மெக்கானிக் ஆகிவிட்டிருந்தார். அப்பெயரைச் சொல்லி மற்ற பிள்ளைகள் பாடியபோது நானும் சேர்ந்து பாடினேன். பாட்டு நன்றாக இருந்தது.

ஆண்டு முடியுமுன் மாமா புறப்பட்டார். ஈப்போவில் இரயிலேறிப் பினாங்கு போய், அங்கிருந்து கப்பல். எனக்குப் புத்தாடை அணிவித்து அழைத்துச் சென்றார்கள். நிலையத்தின் வெண்ணிறத் தூண்களும் உயர்ந்த கூரையும் அரண்மனைபோல் தோன்ற, மாமா ஏதோ பெரிய நிலைக்கு உயர்ந்துவிட்டார் என்று எண்ணினேன். மேடையில் எங்களைப் போலவே மூட்டைகளோடு வேறு சில குடும்பங்களும் நின்றன. தம்பியைத் தோளில் சுமந்த அப்பா, மாமாவின் பெட்டியைக் கட்டிய கயிற்றை அவிழ்த்து அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தார். ஊர்ல போயி பட்டறை வைப்பேன் என்றார் மாமா. எந்த ஊரில் என்று கேட்டால், அவருக்குச் சொல்லத் தெரிந்தது தாத்தா சொல்லிப் போன ஒரு பெயர்தான்.

"எப்ப மாமா வருவீங்க?"

"நீ நல்லா படிச்சி, கார் வாங்கு. பிரேக் பாக்க நான் வாரேன்."

இரயில் ஊதியது. மாமா பெட்டியைத் தூக்கப் போனார். அப்போது அம்மா, எவரும் எதிர்பாராத வண்ணம், அந்த மேடையின் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டுக் குனிந்து, மாமாவின் இரண்டு பாதங்களையும் கைகளால் பற்றி, அவற்றின்மேல் நெற்றியை வைத்தார். மாமா பதறி, "அக்கா! அக்கா, என்னாக்கா இது!" என்று அவர் தோளைத் தூக்கினார். அம்மா எழவில்லை.

எனக்கு ஒரே வியப்பு. அக்காள் மூத்தவள், தம்பி இளையவன். வயதில் இளையவரே மூத்தவர் காலில் விழுந்து வாழ்த்துப் பெற வேண்டும் என்பது எனக்குச் சொல்லித் தரப்பட்டிருந்தது. அம்மாவே அதைத் தவறாகச் செய்கிறாரே என்று, மேடையில் இருந்த அனைவருக்கும் கேட்கும்படி உரக்கக் கூவினேன்.

"அம்மா, தப்பு! தப்பு! மாமாதான் விழணும்!"

ஈப்போவிலிருந்து தோட்டம் போய்ச் சேரும் வரை பேருந்தில் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தேன். சன்னலோரம் அமர்ந்திருந்த அம்மா என்னை ஒருமுறைகூட அதட்டவில்லை.